லைட்னிங் கிட்

லைட்னிங் கிட் (மின்னல் சிறுவன்) என்பது இந்தியாவின் முதல் சதுரங்க கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்துக்குப் பதின்ம வயதில் அமைந்த பட்டப்பெயர். எதிராளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசிக்கையில், முழு ஆட்டத்தையும் அரை மணி நேரத்துக்குள் ஆடிவிட்டு எழுந்து உலாவும் பையன் என்று 1980-களில் பெயர் வாங்கியவர் அவர்.

1969 டிசம்பர் 11-இல் மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் தாயார் சுசீலா. வேகம் பழகிய இடம் சென்னையின் தால் சதுரங்கக் கழகம். அங்கே பிளிட்ஸ் என்னும் அதிவேக ஆட்டத்தில் ஜெயித்தவர் உட்கார்ந்தே இருப்பார். தோற்றவர் எழுந்து, மறுபடி தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தொடர்ந்து ஆட ஆசைப்பட்ட சிறுவனுக்குச் சட்டென்று யோசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே இந்த வேகத்தைப் பிறவி வரம் என்று மட்டும் சொல்வது அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

1983-இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பது சுற்றுகளையும் வென்றார். 16 வயதில் தேசிய சாம்பியன். 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன்.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் உறுதியானது கொங்கு மண்ணில். 1988-இல் கோவையில் நடந்த சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியை வென்று அந்தத் தகுதியை எட்டினார். இந்திய விளையாட்டு வரலாற்றில் கோவைக்கு உரிய இந்த இடம் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

வேகம் ஆனந்தின் காலையும் வாரியதுண்டு. அதே 1988-இல் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ சபாத்தாவிடம் ஆறே நகர்த்தல்களில் தோற்றார். பிற்காலத்தில் நிதானமும் ஆழ்ந்த தயாரிப்பும் சேர, ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார். கிட் என்ற சொல் வயதோடு உதிர்ந்தது; கை வேகம் தங்கிவிட்டது. 2017-இல் ரியாத்தில் உலக ரேபிட் (விரைவு சதுரங்க) பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 48.