ஹந்தானைத் தேயிலை நூதனசாலையும் எத்தாளைக் கிணறுகளும்

உழவின் வரலாற்றை ஏட்டளவிற் கற்றோர் அதன் கருவிகளையும் ஒருமுறை நேரிற் காண்டல் வேண்டும் என்னும் கருத்துடையேன். அதுபற்றியே எத்தாளையிலிருந்து கண்டிக்குச் சென்று, நகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சாரலிலுள்ள தேயிலை நூதனசாலையைப் பார்வையிட்டேன். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் மணல் நிலத்தானுக்குத் தேயிலையோடு யாது தொடர்பு என வினவுவார் உளராகலாம். விடை பின்னர்த் தோன்றும்.

நூதனசாலை அமைந்திருப்பது 1925ஆம் ஆண்டில் எழுந்த நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையில். பல்லாண்டு கைவிடப்பட்டுக் கிடந்த அக்கட்டிடம் திருத்தப்பெற்று 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்குள்ள பொருள்களுள் தலையாயது அக்கட்டிடமே என்பேன். தேயிலைத் தொழிற்சாலைகளின் மேன்மாடிகள் கொழுந்தை விரித்து வாட்டுதற்கு உரியன; வாடிய கொழுந்து கீழிறங்கி உருட்டலுக்கும் உலர்த்தலுக்கும் செல்லும். படியேறி இறங்குவார்க்கு அம்முறை சொல்லாமலே விளங்கும்.

1852இல் இலங்கை வந்த ஸ்கொத்லாந்தியர் ஜேம்ஸ் ரெயிலர், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் தொடக்கத்திற் கொண்ட தொழிற்சாலை தம் மனையின் விறாந்தையே. மேசைமீது கையால் உருட்டுவதும், மண்ணடுப்பிற் கரிநெருப்பில் உலர்த்துவதுமே அன்றைய முறை. 1873இல் இலண்டன் சேர்ந்த தேயிலை ஏறத்தாழ 23 இறாத்தல். ஆயின் 1869இற் கண்ட இலைநோய், இருபதாண்டுக்குள் கோப்பிப் பயிரை அழித்தொழித்தபின், தேயிலை மலைகளை நிறைத்தது, கைகள் போதாவாயின. வில்லியம் ஜாக்சன் வகுத்த உருட்டும் பொறிகளை இங்கிலாந்தின் கெயின்ஸ்பறோ நகரில் மார்ஷல் நிறுவனத்தார் வார்த்தனர். தாமே தேயிலைத் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்பாஸ்ற் நகரிற் சிறொக்கோ தொழிற்சாலையை நிறுவி உலர்த்தும் பொறிகளைச் செய்தனர்.

உருட்டும் பொறியை நெடுநேரம் நோக்கி நின்றேன். வரிகள் உயர்ந்த வட்டமேசையின் மேல், வாடிய கொழுந்து நிறைந்த உருளைக்கலம் வட்டமாய்ச் சுழலும். உள்ளங்கை இரண்டிடையே இலையை வைத்துத் தேய்க்கும் அசைவே அது; இரும்பு மனிதக் கையிடம் கற்ற பாடம்.

எனினும் இரும்பு கற்கமாட்டாத தொழிலொன்று உண்டு. இரண்டிலையும் மொட்டுமாகக் கொழுந்து தெரிந்து கொய்தலை, நீராவியும் எண்ணெயும் வந்த பின்னரும் பெண்டிர் விரல்களே செய்தன. பொறியிற் செய்தோர் பெயர் வார்ப்பெழுத்தில் நிலைத்திருக்கிறது. கூடை சுமந்தாள் பெயர் எங்கும் இல்லை. அவள் முன்னோர் தமிழகத்தினின்று கடல்கடந்து மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். நடக்கையில் மாண்டோர் பலர். அவர்தம் வழியினரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கிற்று. கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 2007ஆம் ஆண்டு தொழிலாளர்க்கெனத் தனி நூதனசாலை எழுந்தமை இக்குறையை ஒருவாறு நிரப்பிற்று. ஹந்தானையை மட்டும் கண்டு மீள்வோர் பாதி வரலாற்றையே கண்டவராவர்.

இனி எத்தாளைக்கு வருவோம். புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறில்லை. மழைநீர் மணலிற் புகுந்து, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. எனவே மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர் நாற்பதடி எழ இடமுண்டு. துலாவால் இறைத்த காலத்தில் இறைப்பவன் தோளே நீருக்கு அளவாயிருந்தது. தோள் ஓய்ந்தால் இறைப்பும் ஓயும், கிணறு ஊறும். பம்பிக்கு அவ்வோய்வு இல்லை. அது விளைநிலத்தைப் பெருக்கி வறுமையை ஓரளவு போக்கியதை மறுக்கேன். துலா மிதித்தவர் எவரும் அதற்கு மீள விரும்பார். ஆயின் நீர் பெருகப் பயிர் பெருகிற்று. பயிரோடு உரமும் பெருகிற்று. மணல் உரத்தைத் தாங்காது கீழே விட்டது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு கடந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இவ்வரலாற்றுக்கு நூதனசாலை யாதுமில்லை. அமைப்பதாயின் பழைய பம்பியை மட்டும் வர்ணம் பூசி நிறுத்தல் போதாது. துலாவும் பட்டையும் பூவாளியும் அதனருகே இருத்தல் வேண்டும். இறைத்தவர் பெயரும், கிணற்றின் ஆழமும், நீரின் சுவை மாறிய ஆண்டும் எழுதப்படல் வேண்டும். பெயரையும் ஆண்டையும் கூறவல்ல முதியோர் இன்னும் சிலர் உளர். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒரு குறிப்பேட்டோடு செல்வாராயின் இப்பணி தொடங்கிவிடும்.

ஹந்தானையினின்று மீண்ட மறுநாள், அயலிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் தோட்டத்துத் துலா எங்கே என வினவினேன். "அதுவா தம்பி, நல்ல மரமெண்டு மாட்டுக்கொட்டிலுக்கு வளையாப் போட்டாச்சு" என்றார். சென்று பார்த்தேன். காலால் மிதித்து மிதித்து வழவழப்பேறிய பக்கம் கீழ்நோக்கி இருந்தது.