மாத்திரையும் மனைவியும்

“நீ வாயை மூடிக்கிட்டிருந்தா அவன் ஏன் குடிக்கப் போறான்?” தாம்பரத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவிகள் பலர் வீட்டில் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் மருமகள்களுக்குச் சொல்லப்படுவது. குடிநோய்க்கான மருந்துகளின் வரலாற்றை, இந்த வாக்கியத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

1948இல் டென்மார்க்கில் டைசல்ஃபிரம் மருந்தின் குணம் தெரியவந்தது. குடிக்கும் ஆசையை அது தொடுவதில்லை. உடலில் மது சிதைவதைப் பாதியில் நிறுத்திவிடும். மீறிக் குடித்தால் வாந்தி, படபடப்பு. பயம்தான் மருந்து. தினமும் ஒருவர் பக்கத்தில் நின்று விழுங்கவைத்தால் பலன் கூடும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி. ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்னும் விளம்பரங்கள் அவளை இன்னும் ஆபத்தில் தள்ளுகின்றன. இம்மருந்தைச் சொல்லாமல் குழம்பில் கலந்தால், குடித்தவனின் உயிரே போகலாம். பழியும் அவளுக்கே.

1979இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் சாந்தி ரங்கநாதன். மறு ஆண்டே அவர் பெயரில் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள அதன் மருத்துவமனையில் குடும்பத்தினருக்கும் தனியே சிகிச்சை உண்டு. குடி ஒரு நோய், அதை மனைவி உண்டாக்கவில்லை என்பதை ஒரு பெண் தன் இழப்பிலிருந்து நிறுவினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அதே உண்மையை மூளையிலிருந்து சொல்கிறது நால்ட்ரெக்ஸோன். அபின் வகைப் போதைக்கு 1984இலும் மதுவுக்கு 1994இலும் அமெரிக்கா அதை அனுமதித்தது. மது உள்ளே போனதும் மூளையில் எண்டார்ஃபின் சுரக்கும். அது ஓப்பியாய்டு ஏற்பிகளில் போய் அமர்ந்தால்தான் இன்பம் பிறக்கும். இந்த மாத்திரை முன்கூட்டியே அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. குடித்தாலும் பழைய சுகம் கிட்டாததால் ஏக்கம் தணிகிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, கல்லீரலைச் சோதித்த பிறகே மருத்துவர் தருவார். ஆனாலும் நோயின் முகவரியை அது காட்டிவிட்டது. அங்கே மனைவியின் வாய் இல்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். விற்பவரைக் கேட்காத ஊர், சமைத்துவைத்துக் காத்திருப்பவளைக் கேட்கிறது. மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் இன்றுவரை அவளுடையதுதான். குடிநோய்க்கு ஆளான பெண்ணுக்கோ, அப்படி எடுத்துக் கொடுக்கவும் வீட்டில் ஆள் இருப்பது அரிது.

மாணவிகளே, அம்மாவிடம் அந்தக் கேள்வி கேட்கப்படும்போது நீங்கள் பதில் சொல்லலாம். அது நோய் என்று சொல்லுங்கள்.