முடிப்பு மின்னழுத்தம்: கணினி நினைவகப் பாட்டைகளின் வரலாற்றில்

கணினியின் செயலிக்கும் நினைவகச் சில்லுகளுக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்லும் கம்பித் தொகுதி நினைவகப் பாட்டை எனப்படும். அதிவேகப் பாட்டையில் ஒவ்வொரு கம்பியின் கடைசியிலும் ஒரு மின்தடை இருக்கும். அம்மின்தடையின் மறுமுனை எந்த மின்னழுத்தத்தோடு இணைக்கப்படுகிறதோ அதுவே முடிப்பு மின்னழுத்தம் ஆகும். பொறியியல் வழக்கில் இது விடிடி என்று குறிக்கப்படுகிறது. மின்தடை எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பதை இயற்பியல் தீர்மானித்துவிடுகிறது. அதன் மறுமுனையை எங்கே கட்டுவது என்பதோ மனிதர் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. கடந்த அறுபது ஆண்டுகளில் அந்த முடிவு பலமுறை மாறியிருக்கிறது.

முடிப்பு ஏன் தேவைப்பட்டது?

கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையை உதறினால், அலை தூண்வரை சென்று திரும்பி வருவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்போம். மின்குறிகையும் அப்படித்தான். அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் அது ஒரு நானோ நொடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. தொலைவு செல்கிறது. குறிகை போய்த் திரும்பும் நேரம், அது 0 இலிருந்து 1 ஆக உயரும் நேரத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வந்துவிட்டால், திரும்பி வரும் அலை அடுத்த குறிகையோடு கலந்து பிழை உண்டாகும். கம்பியின் சிறப்பு மின்னெதிர்ப்புக்குச் சமமான மின்தடையைக் கடைசியில் வைத்தால் அலை அதிலேயே அடங்கிவிடும். இதன் கணிதத்தைத் தந்திக் கம்பிகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே ஆலிவர் ஹெவிசைடு வகுத்துவிட்டார்.

ஆனால் இந்த மின்தடை வழியே மின்னோட்டம் பாயும். கம்பி அசையாமல் நிற்கும்போதுகூடப் பாயலாம். அந்த மின்னோட்டத்துக்கான செலவை எந்த நிலையில், எவ்வளவு ஏற்பது என்பதுதான் முடிப்பு மின்னழுத்தத் தேர்வின் சாரம்.

கீழே கட்டிய காலம்

ஐபிஎம் நிறுவனத்தில் ஹானன் யார்க் 1956இல் உருவாக்கிய மின்சுற்று முறை பின்னர் ஈசிஎல் எனப் பெயர் பெற்றது. 1976இல் வந்த கிரே-1 மீகணினி இம்முறையில் அமைந்ததே. ஈசிஎல் சில்லுகள் −5.2 வோல்ட்டில் இயங்கின. அவற்றின் வெளியீடு உயர்நிலையில் சுமார் −0.9 வோல்ட், தாழ்நிலையில் சுமார் −1.7 வோல்ட். வெளியீட்டு டிரான்சிஸ்டரால் கம்பியை மேலே இழுக்க மட்டுமே முடியும். கீழே இழுப்பது முடிப்பு மின்தடையின் வேலை. எனவே முடிப்பு மின்னழுத்தம் −1.7ஐ விடக் கீழே இருந்தாக வேண்டும்.

கையில் இருக்கும் −5.2 வோல்ட்டிலேயே கட்டிவிடலாமே என்று தோன்றும். 50 ஓம் மின்தடைக்குக் கணக்கிட்டால், உயர்நிலையில் ஒரு கம்பிக்கு 86 மில்லிஆம்பியர் ஆகிறது. −2 வோல்ட்டில் கட்டினால் 22 மில்லிஆம்பியர் போதும். இதற்காகவே −2 வோல்ட் தரும் தனி மின்வழங்கி ஏற்பாடு செய்யப்பட்டது. அது இல்லாத பலகைகளில் 81 ஓம் மின்தடையைத் தரைக்கும் 130 ஓம் மின்தடையை −5.2 வோல்ட்டுக்கும் இணைத்து, 50 ஓம், −2 வோல்ட் என்ற அதே விளைவைப் பெற்றனர். மின்வழங்கி ஒன்று மிச்சமானது. ஆனால் வெப்பம் கூடியது.

மேலே கட்டிய காலம்

மேசைக் கணினிகளின் நினைவகத்துக்கு இந்தக் கவலை தாமதமாகத்தான் வந்தது. 1990களின் பிற்பகுதியில் பரவிய 100 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிராம்கூட 3.3 வோல்ட்டில், விடிடி இல்லாமல், கம்பித் தொடரில் சிறு மின்தடைகளை மட்டும் வைத்துச் சமாளித்தது.

வேகம் கூட்ட விரும்பியவர்கள் ஈசிஎல் முறையைத் தலைகீழாக்கினர். செராக்ஸ் ஆய்வு மையத்தின் வில்லியம் கன்னிங் உருவாக்கிய ஜிடிஎல் முறையில் கம்பி 1.2 வோல்ட்டில் கட்டப்பட்டது. சில்லு அதைக் கீழே இழுக்க மட்டும் செய்தது. இன்டெலின் பென்டியம் புரோ செயலி (1995) இதன் மாற்று வடிவத்தை 1.5 வோல்ட்டில் பயன்படுத்தியது.

ராம்பஸ் நினைவகமும் இவ்வழியைத்தான் பின்பற்றியது. அதன் முடிப்பு 1.8 வோல்ட், குறிகை 1.8க்கும் 1.0க்கும் இடையே அசைந்தது. எல்லாச் செருகிடங்கள் வழியாகவும் ஒரே தொடராகச் சென்று கடைசியில்தான் முடிப்பை அடையும் என்பதால், காலியான செருகிடத்தில்கூட ஒரு வெற்றுப் பலகையைச் செருகி வைக்க வேண்டியிருந்தது. நினைவகம் இல்லாத பலகைக்கும் வாங்குபவர் காசு கொடுத்தார்! 1999 செப்டம்பரில் வெளிவர வேண்டிய இன்டெல் 820 சில்லுத்தொகுதி, மூன்று செருகிடங்கள் கொண்ட பலகைகளில் நினைவகப் பிழைகள் தென்பட்டதால் தள்ளிப்போடப்பட்டது. நவம்பரில் இரண்டு செருகிடங்களோடு வெளிவந்தது.

நடுவில் கட்டிய காலம்

தர அமைப்பான ஜெடெக் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட டிடிஆர் தரம் வேறு பாதையில் சென்றது. அதன் எஸ்எஸ்டிஎல் முறையில் வழங்கு மின்னழுத்தம் 2.5 வோல்ட், முடிப்பு சரிபாதியாக 1.25 வோல்ட். இங்கே சில்லு கம்பியை மேலேயும் இழுக்கும், கீழேயும் இழுக்கும். அசைவு இருபுறமும் சமச்சீராக இருக்கும். ஏற்கும் சில்லு ஒப்பிடும் மேற்கோள் மின்னழுத்தமும் அதே பாதிதான் என்பதால், வழங்கு மின்னழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் நடுப்புள்ளி கூடவே நகரும். விடிடி அந்த மேற்கோளிலிருந்து 40 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகக்கூடாது என்பது விதி.

இதில் ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. கம்பிகளில் பாதி 1 ஆகவும் பாதி 0 ஆகவும் இருந்தால், ஒன்றின் மின்னோட்டத்தை மற்றது ஈடுசெய்துவிடும். எல்லாம் 0 என்றால் விடிடி வழங்கி மின்னோட்டத்தைத் தர வேண்டும். எல்லாம் 1 என்றால் அதை உள்வாங்க வேண்டும். ஒரு கம்பிக்கு 15 மில்லிஆம்பியர் எனக் கொண்டால், 100 கம்பிகளுக்கு 1.5 ஆம்பியர் எந்தத் திசையிலும், நொடியின் சிறு பகுதிக்குள், திரும்பக்கூடும். சாதாரண மின்னழுத்த ஒழுங்காக்கிக்குக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. இதற்கென்றே இருவழி ஒழுங்காக்கிச் சில்லுகள் சந்தைக்கு வந்தன.

டிடிஆர்2 (2003) தரவுக் கம்பிகளின் முடிப்பைச் சில்லுக்குள்ளேயே கொண்டுசென்றது. ஒரு மின்தடை மேலேயும் மற்றொன்று தரைக்கும் என இரண்டாகப் பிரிந்து, நடு மின்னழுத்தம் உள்ளேயே உருவானது. முகவரி, கட்டளைக் கம்பிகளுக்கு மட்டும் வெளியே விடிடி தொடர்ந்தது. டிடிஆர்3 (2007) இக்கம்பிகளை ஒரு சில்லிலிருந்து அடுத்ததற்குத் தொடராகக் கொண்டுசென்று, நினைவகப் பலகையின் கடைசியில் 0.75 வோல்ட்டில் முடித்தது.

மீண்டும் மேலே

2012இல் வந்த டிடிஆர்4, தரவுக் கம்பிகளின் முடிப்பை நடுவிலிருந்து எடுத்து, வழங்கு மின்னழுத்தமான 1.2 வோல்ட்டிலேயே கட்டியது. வரைகலை நினைவகமான ஜிடிடிஆர்3 இல் இம்முறை முன்பே நடைமுறையில் இருந்தது.

காரணத்தை ஒரு கணக்கால் எளிதில் காணலாம். செலுத்தும் சில்லின் தடை 40 ஓம், முடிப்பு 60 ஓம் எனக் கொள்வோம். பழைய முறையில் மேலே 120, கீழே 120 ஓம். கம்பி 1 ஆனாலும் 0 ஆனாலும் 8 மில்லிஆம்பியர் செலவாகும். யாரும் எதையும் அனுப்பாதபோதும் 240 ஓம் வழியே 5 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். புதிய முறையில் 0 அனுப்பும்போது 12 மில்லிஆம்பியர், 1 அனுப்பும்போதும் ஓய்விலும் சுழி. 0உம் 1உம் சமமாக வந்தால் சராசரி 6 தான். குறிகையின் அசைவோ இரு முறையிலும் அதே 0.72 வோல்ட். வேகத்தில் எதையும் இழக்காமல் கால் பங்கு மிச்சம்!

1 இலவசம், 0க்கு மட்டுமே செலவு என்றானபின், 0களைக் குறைப்பது இயல்பான அடுத்த அடி. எட்டு பிட்டுகளில் நான்குக்கு மேல் 0 இருந்தால் எல்லாவற்றையும் தலைகீழாக்கி அனுப்பி, ஒன்பதாவது கம்பியில் அதைத் தெரிவிக்கும் வசதி சேர்ந்தது. இதனால் ஒன்பதில் நான்கு கம்பிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் மின்னோட்டம் எடுப்பதில்லை.

இதற்கும் விலை உண்டு. குறிகையின் மையம் இப்போது பாதியில் இல்லை; மேற்கண்ட கணக்கில் அது 0.84 வோல்ட். இரண்டு தடைகளின் விகிதம் மாறினால் மையமும் மாறும். ஆகவே தரவுக்கான மேற்கோள் மின்னழுத்தத்தைச் சில்லுக்குள்ளேயே உருவாக்கி, கணினி தொடங்கும்போது சோதித்துச் சரிசெய்யும் முறை வந்தது.

கைப்பேசிகளுக்கான எல்பிடிடிஆர்4 (2014) நேர் எதிராகத் தரையில் கட்டியது. அங்கே 0 தான் இலவசம்.

டிடிஆர்4 இலும் முகவரிக் கம்பிகள் 0.6 வோல்ட் விடிடியில்தான் முடிந்தன. 2020இல் வந்த டிடிஆர்5, 1.1 வோல்ட்டில் இயங்கி, அக்கம்பிகளின் முடிப்பையும் சில்லுக்குள் கொண்டுவந்து வழங்கு மின்னழுத்தத்தோடு இணைத்தது. மின்வழங்கலை ஒழுங்குசெய்யும் சில்லும் நினைவகப் பலகைக்கே இடம்பெயர்ந்தது. அதோடு தாய்ப்பலகையில் நினைவகத்துக்கென இருந்த இருவழி விடிடி ஒழுங்காக்கிக்கு வேலை இல்லாமல் போயிற்று.