280 நாள்கள்: கருவுற்ற பெண்ணின் மணமுறிவும் சட்டத்தின் கணக்கும்

மனைவி கருவுற்றிருக்கிறாள் என்பதற்காக மணமுறிவு வழக்கு தொடுக்கக் கூடாது என்று இந்து திருமணச் சட்டமோ சிறப்புத் திருமணச் சட்டமோ கூறவில்லை. தடை விதிப்பதற்கு மாறாக, இந்தியச் சட்டம் நாள்களை எண்ணியது. அந்த எண்ணிக்கை எவர் பொருட்டு நிகழ்ந்தது என்பதே வரலாற்று வினா.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் ஒரு கணக்கை வகுத்தது. மணவாழ்வு நிலைத்திருக்கும்போதோ, அது முறிந்து 280 நாள்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போதோ பிறக்கும் குழந்தை அந்தக் கணவனுடையதே. அதற்கு அப்பிறப்பே முடிவான சான்று. கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடும் வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பித்தால் மட்டுமே விலக்கு. தமிழ் வழக்கிலுள்ள ‘பத்து மாதம்’ என்பதும் 28 நாள் கொண்ட பத்துச் சுற்றுகளாக, இதே 280 நாள்களில் அடங்குகிறது. குழந்தையைப் பழியிலிருந்து காத்த விதி இது. ஆயினும் அது கேட்ட கேள்வி தந்தை யார் என்பது மட்டுமே.

இசுலாமியச் சட்டத்தின் இத்தா காலமும் கருவைக் கணக்கில் கொள்கிறது. மணமுறிவு பெற்றவளுக்கு அது பொதுவாக மூன்று மாதவிடாய்க் காலம். கருவுற்றிருந்தாலோ, பிள்ளைப்பேறு வரை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் இதை எழுத்தில் வடித்தது. வம்சத்தை உறுதிசெய்யும் இக்காத்திருப்பு, அக்காலம் முழுதும் அவளைப் பேணும் கடமையையும் கணவன்மீது சுமத்தியது. அவளது எதிர்கால வாழ்வுக்கான ஏற்பாட்டையும் அவன் இத்தா முடிவதற்குள் செய்தாக வேண்டும் என 2001இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மணமுறிவுத் தீர்ப்புக்குப்பின் ஓராண்டு கழியாமல் மறுமணம் கூடாதென்றது. ஆண், பெண் இருவருக்கும் பொதுவான அவ்விதி, விளைவளவில் 280 நாள்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1976இல் அது நீக்கப்பட்டது. மறுமண உரிமை விரைவுபட்டது. ஆனால் முன்னாள் கணவனால் உண்டான கரு மறுமணத்திற்குப்பின் பிறந்தால், 112ஆம் பிரிவின் சொற்படி புதிய கணவனே தந்தையாகும் நிலையும் தோன்றியது.

அதே 1976ஆம் ஆண்டுத் திருத்தமே இருவர் இசைவின் பேரிலான மணமுறிவையும் கொணர்ந்தது. அதற்கு ஓராண்டுப் பிரிவு வேண்டும். மனுவுக்குப்பின் பொதுவாக ஆறு மாதக் காத்திருப்பும் வேண்டும். கணவனால் கருவுற்ற ஒருத்தி ‘ஓராண்டாக மணமக்களாக வாழவில்லை’ என எவ்வாறு கூறுவாள்? வெளிப்படையான தடை இல்லாத இடத்தில் காலக்கணக்கே தடையாகிறது.

மருத்துவக் கருக்கலைப்புக்கான 2021ஆம் ஆண்டு விதிகளில்தான் கணக்கின் திசை மாறியது. கருவுற்றிருக்கும்போது மணமுறிவாலோ கைம்மையாலோ மணநிலை மாறிய பெண், 20 வாரங்களைக் கடந்து 24 வாரம் வரை கருக்கலைப்பு நாடலாம். இங்கே எண்ணப்படுவது வம்சத்திற்கான நாள் அன்று, அவள் முடிவெடுப்பதற்கான நாள். எனினும், மேற்கண்ட காலக்கணக்கின்படி 24 வாரத்திற்குள் மணமுறிவுத் தீர்ப்பு கைக்கு எட்டுவது அரிது. 2022இல் உச்ச நீதிமன்றம், இவ்விதியின் உட்கரு பெண்ணின் வாழ்நிலை மாற்றமே என விளக்கி, மணமாகாத பெண்ணையும் அதனுள் சேர்த்தது. தீர்ப்பின் தேதியைவிட அவளது நிலை முதன்மை பெற்றது.

ஆனால் பழைய கணக்கு மறையவில்லை. மரபணுச் சோதனை வெளிப்படுத்தும் உண்மை சட்டத்தின் ஊகத்தைவிட மேலானது என 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருந்தும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டம் அதே 280 நாள்களை 116ஆம் பிரிவில் மீண்டும் எழுதியுள்ளது. குழந்தைக்குப் பழி நேராதிருக்க அது இன்றும் தேவைப்படலாம். ஆனால் கருவைச் சுமந்தபடி நீதிமன்றப் படியேறுபவளுக்கு வேண்டிய உறைவிடம், செலவுத்தொகை, மருத்துவம், விரைவான தீர்ப்பு ஆகியவற்றுக்கு அத்தகைய உறுதியான நாள்கணக்கு எதையும் சட்டம் இன்னும் வகுக்கவில்லை.