கீழே கடை, மேலே வீடு: ஏற்காடு வளர்ந்த விதம்



விழா மலரில் ஆலய வரலாற்றோடு ஊர் வரலாற்றையும் சற்றுச் சிந்திப்பது பொருத்தமென எண்ணுகிறேன். ஊர் நிலைத்தாலன்றிப் பங்கு நிலைக்காது.

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். மலைவாழ் மக்களின் கிராமங்கள் அதற்கு முன்னரே இங்கு இருந்தன. தோட்டங்கள் பெருகவே, வேலைதேடி மக்கள் வந்தனர். அவர்களை நம்பிக் கடைகள் எழுந்தன. 1894-ல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் திரு இருதயக் கான்வென்ட்டையும், 1917-ல் கபிரியேல் சபைச் சகோதரர்கள் மான்ஃபோர்ட் பள்ளியையும் நிறுவினர்.

கோடை பங்களாக்கள் சில மாதங்களே கலகலக்கும். ஆண்டு முழுவதும் ஊருக்கு உயிரூட்டியவை தோட்டமும் பள்ளியும் கடைவீதியுமே. கீழே கடை, மேலேயோ பின்புறமோ வீடு, நடந்துபோகும் தூரத்தில் கோவில்: இதுவே நம் முன்னோர் கண்ட நகரமைப்பு.

இதையே இன்று பெருநகரங்கள் திட்டமிட்டுச் செய்ய முற்படுகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். 1994-ல் மாநகராட்சியாகி, 2016-ல் சீர்மிகு நகரத் திட்டத்தில் தேர்வான அந்நகரில், பழைய பஸ் நிலையம் கடைகளோடு கூடிய ஈரடுக்கு நிலையமாகப் புதுப்பிக்கப்பட்டு 2023-ல் திறக்கப்பட்டது. ஒரே இடம் பல பயன் தருவது நன்றே. ஆனால் புதுப்பித்தபின் அங்கே யாருக்கு இடம் என்பதே கேள்வி.

மலைச்சரிவில் கட்டடங்கள் கட்டுமீறிப் பெருகாமலிருக்க, 1990-ல் அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. மரத்துக்கும் மண்ணுக்கும் சட்டத்தின் காவல் உண்டு. வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைக்கு? வீடெல்லாம் விடுதியானால், அவ்விடுதியில் படுக்கை விரிப்பவரே தினமும் மலையேறி வந்து, மாலையில் இறங்கிப் போக நேரிடும். ஞாயிறு திருப்பலிக்கும் அவர் பஸ் கட்டணம் எண்ண வேண்டியிருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், ஏழைகளை இடம்பெயர்க்க நேர்ந்தால் முன்கூட்டியே அறிவித்து, தகுந்த வீடளித்து, அவர்களையும் கலந்தே செய்ய வேண்டுமென்கிறார்.

ஆகவே, பழைய வீட்டை இடித்துக் கட்டும் அன்பர்களே, மேல்மாடியில் ஒரு பகுதியையேனும் உழைக்கும் குடும்பத்துக்கு நியாயமான வாடகைக்கு ஒதுக்குங்கள். ஜூபிலிக்கு நீங்கள் தரும் காணிக்கைகளில் அதுவே நிலைத்து நிற்கும்.

இறையாசீர் உங்களோடு!
பங்குத்தந்தை