ரெய்டு

பெயர்ச்சொல். ஆங்கிலச் சொற்கள் நான்கின் முதலெழுத்துகள் கூடிப் பிறந்தது. வருமானவரித் துறையினரின் திடீர்ச் சோதனையைக் குறிக்கும் ரெய்டுக்கும் இதற்கும் ஒலியொற்றுமையன்றி வேறு சம்பந்தம் இல்லை.

1988-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், கணினித் தகவலைச் சேமிக்கும் விலை மிகுந்த ஒற்றைப் பெருவட்டுக்குப் பதிலாக மலிவான சிறுவட்டுகள் பலவற்றை அணிவகுத்து, அவற்றுள் ஒன்று நாசமடைந்தாலும் தகவல் அழியாதபடி உபரிக் குறிப்பையும் உடன் எழுதிவைக்கலாம் என்று எடுத்துரைத்து, அம்முறைக்கு இப்பெயரைச் சூட்டினர். 'மலிவான' என்பதைக் குறித்த எழுத்து, பிற்காலத்தில் 'தனித்தியங்கும்' என்ற அர்த்தத்தை ஏற்றது.

2023-இல் என்.டி.டி. நிறுவனம் திறந்ததைப் போன்ற தரவு மையங்கள் அம்பத்தூரில் எழுந்துவரும் இக்காலத்தில், இவ்வாறு அணிவகுத்த வட்டுகளைக் குறிக்கும் 'ரெய்டு குழு' என்னும் தொடர் நம்மவர்க்கும் அவசியமாகிறது. நான்கு டெராபைட் வட்டுகள் ஆறு கொண்ட குழுவில், ரெய்டின் ஐந்தாம் வகை 20 டெராபைட் இடமளித்து ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும்; ஆறாம் வகை 16 மட்டுமே அளித்து இரண்டின் இழப்பைத் தாங்கும். குழுவின்மேல் தொகுதியும், தொகுதியின்மேல் கோப்பு முறைமையும் அமைந்து, பின்னரே கொத்தாக இணைந்த சர்வர்கள் வலையமைப்பின் வழியே அதைப் பகிர்கின்றன. ஆகையால் அடித்தளமாகிய குழுவை ஆரம்பத்திலேயே நிதானமாக நிர்ணயிப்பது உத்தமம்.

ரெய்டு வட்டின் பழுதிலிருந்து மாத்திரமே ரட்சிக்கும். தவறி அழித்த கோப்பை மீட்கத் தனிக் காப்புநகல் இன்றியமையாதது.