புகைப்பட வில்லைகளின் எடை: ஒரு வரலாற்று நோக்கு

புகைப்படக்கலையின் வரலாற்றை எழுதுவோர் வில்லையின் கூர்மையையும் அது ஒளியை ஏற்கும் ஆற்றலையும் விரித்துரைப்பர். அதன் எடையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். எடை சுமப்பவனின் தோளுக்குரிய செய்தியேயன்றி ஆய்வாளனின் மேசைக்குரியதன்று என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் பாரமான வில்லையே நல்ல வில்லை என்னும் நம்பிக்கை பழைய வில்லைகளைச் சேகரிப்போரிடையே இன்றும் வலுவாக உள்ளது. அந்நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது, எவ்வளவு தூரம் பொருந்துவது என்பன ஆராயற்பாலன.

1839 ஆம் ஆண்டில் டாகரின் முறை வெளியிடப்பட்டபோது வில்லைகள் மிக மந்தமானவையாக இருந்தன. உருவப்படத்துக்கு அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. வியன்னாவிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய யோசெப் பெற்ஸ்வால், பீரங்கிப் படையைச் சேர்ந்த கணக்கறிந்த வீரர் சிலரின் துணையோடு கணித்தமைத்த வில்லையை வொய்க்லண்டர் 1840 இல் உருவாக்கினார். நான்கு கண்ணாடிகளைக் கொண்ட அவ்வில்லையின் திறப்பு ஏறத்தாழ எஃப் 3.6 ஆகும்; அதாவது குவியத்தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுக்க வரும் ஈவு 3.6. அடுத்த ஆண்டு வெளிவந்த வொய்க்லண்டர் கமராவோ முழுவதும் பித்தளையாலானது. பித்தளை கடைசலுக்கு இணங்குவது, துருப்பிடிக்காதது, நுண்ணிய புரிகள் அதில் வழுக்கிச் செல்வன. அடுத்த நூறாண்டுகளுக்கு மேலாக வில்லை என்றால் பித்தளைக் குழாய் என்றே உலகம் எண்ணியதற்கு இக்குணங்களே காரணமாயின.

உருப்பெருக்கும் வழக்கம் பரவாத அக்காலத்தில் பெரிய படத்துக்குப் பெரிய தகடும், பெரிய தகட்டுக்கு நீண்ட குவியத்தூரமும் இன்றியமையாதனவாயின. இலங்கையோடு தொடர்புடைய ஜூலியா மார்கரெட் கமரனை இங்கு எடுத்துக்காட்டலாம். 1866 இல் அவர் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடுகளுக்கு மாறி, 30 அங்குலக் குவியத்தூரமுடைய டால்மெயர் வில்லையைக் கையாண்டார். அவ்வகை வில்லைகளின் திறப்பு எஃப் 8 அளவினதே. எனினும் 30 அங்குலத்தை எட்டால் வகுக்க மூன்றே முக்கால் அங்குலம் வருகின்றது. அத்துணை அகன்ற கண்ணாடிகள் முன்னும் பின்னுமாகப் பித்தளைக் குழாயிற் பொருத்தப்பட்டிருந்தன. 1875 இல் இலங்கைக்கு வந்த அவர் களுத்துறையிலும் படமெடுத்தார். 1877 இல் ஓவியர் மேரியன் நோர்த் அவரது கமராவின் முன் நின்றார். 1879 இல் மலைநாட்டிற் காலமானார். அவரது கலையைப் போற்றும் நூல்கள், அதனைத் தாங்கிய மரத்தையும் பித்தளையையும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

1884 இல் யேனாவில் ஷொட் கண்ணாடித் தொழிற்கூடம் நிறுவப்பட்டது. பேரியம் கலந்த புதுக் கண்ணாடிகள் முறிவுச்சுட்டி உயர்ந்தவை. சாதாரணக் கிரவுண் கண்ணாடியினும் அடர்த்தி மிகுந்தவை. ஆயினும் அவற்றின் பயனாய் வில்லைகள் சிறுத்தனவேயன்றிப் பருக்கவில்லை. 1902 இன் ரெஸ்ஸார் நான்கே கண்ணாடிகளால் மூலைவரை தெளிவான படத்தைத் தந்தது. தகட்டுக் கமராவின் சுமையைத் தாங்க இயலாத மூச்சிழைப்பு நோயாளியான ஒஸ்கார் பர்னாக், திரைப்படச் சுருளைக் கொண்டு ஒரு சிறு கமராவை அமைத்தார். அது 1925 இல் லைக்கா என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அதன் 50 மில்லிமீற்றர் எல்மார் வில்லை, பித்தளையாலானதாயினும், ஏறத்தாழ 110 கிராமே நிறுத்தது.

பின்னர் எழுந்தது திறப்பின் போட்டி. 1961 இல் கனோன் வெளியிட்ட 50 மில்லிமீற்றர் எஃப் 0.95 வில்லை 605 கிராம். அது பூட்டப்பட்ட கமராவின் உடலுக்கு ஏறக்குறைய நிகர். அதன் பின்கண்ணாடி மிக அகன்றமையால், தூரமானியின் நெம்புக்கு இடம்விட அதன் ஓரத்தையே வெட்ட வேண்டியதாயிற்று.

இத்தகைய வில்லைகளைக் கண்டோர், எடை முழுவதும் கண்ணாடியினதே என்று கருதுவது இயல்பு. கணக்கு அவ்வாறு கூறவில்லை. 1979 முதல் வெளிவந்த கனோனின் புதிய எஃப்.டி. வரிசையில் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை 170 கிராம்; எஃப் 1.4 வில்லை 235 கிராம். முன்னதன் திறப்பு 27.8 மில்லிமீற்றர், பின்னதனது 35.7 மில்லிமீற்றர். விட்டம் இவ்வாறு வளர, ஒத்த வடிவுடைய கண்ணாடியின் கனவளவு இரு மடங்குக்கு மேற்படுகின்றது. எஃப் 1.4 வில்லையில் ஒரு கண்ணாடி கூடுதலாகவும் உள்ளது. எடையோ ஏறத்தாழ 38 வீதமே கூடிற்று. உலோகப் பகுதி சற்றும் வளரவில்லை எனக் கொண்டாலுங்கூட, சிறிய வில்லையின் எடையிற் கண்ணாடியின் பங்கு பருமட்டாக மூன்றிலொன்றைத் தாண்டாது.

இதற்கு ஐயந்திரிபற்ற சான்று லைக்காவின் 50 மில்லிமீற்றர் சுமிக்ரோன் வில்லையின் 1994 ஆம் ஆண்டு வடிவத்தில் உண்டு. அலுமினியத்தாலான கறுப்பு வில்லை 240 கிராம். குரோமியம் பூசிய பித்தளை வில்லை 335 கிராம். இரண்டினதும் கண்ணாடிகள் ஒன்றே, படமும் ஒன்றே. 95 கிராமும் உலோகத்தின் வேறுபாடே. பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தினதைப் போல் மும்மடங்கு என்பதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பில்லை. ஆயினும் பித்தளையை வீண்சுமை என்று தள்ளுவதும் நீதியன்று. அலுமினியம் அலுமினியத்தின் மீது உராயுமிடத்து இறுகிப்பற்றும் இயல்பினது. ஆதலால் அலுமினிய உடலுடைய வில்லைகள் பலவற்றிலும் குவியப்படுத்தும் புரிகளுள் ஒன்று பித்தளையாகவே நீடித்தது.

எடைகளை ஒப்பிடுவோர் ஒத்தவற்றையே ஒப்பிடல் வேண்டும். மூடியும் ஒளிமறைப்பும் சேர நிறுத்த வில்லையை அவையின்றி நிறுத்ததனோடு ஒப்பிடுவது பயனற்றது. அவ்வகையில் ஒரே நிறுவனத்தின், ஒரே குவியத்தூரமும் திறப்புமுடைய வில்லைகளே சிறந்த சான்றாவன. 1971 இல் கனோனின் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை 305 கிராம். அதன் பின்புறத்திற் கமராவோடு இறுக்குவதற்கெனத் தனியான வளையம் ஒன்று இருந்தது. 1979 இல் அவ்வளையம் நீங்கி, வில்லையின் உடலே சுழன்று பூட்டும் முறை வந்தது. எடை 170 கிராமாயிற்று. 1987 இல் தன்னியக்கக் குவியத்துக்கான மோட்டார் உள்ளே புகுந்தமையால் 190 கிராமாக உயர்ந்தது. 1990 இல் பூட்டும் முகப்பும் பிளாஸ்திக்காக்கப்பட்டு, தூர அளவுகோலும் நீக்கப்பட, 130 கிராமாகத் தாழ்ந்தது. 1987, 1990 ஆகிய இரு வில்லைகளினதும் கண்ணாடி அமைப்பு ஒன்றே. அவ்வாறிருந்தும் முந்தியதையே வாங்குவோர் தேடி, பழைய பொருளுக்குக் கூடுதல் விலை கொடுத்தனர். அவர்கள் விலை கொடுத்தது படத்துக்கன்று, உலோக முகப்புக்கு. 2015 இல் நிறுவனம் அவ்வுலோக முகப்பை மீண்டும் பொருத்தியது. எடை ஏறத்தாழ 160 கிராமாயிற்று.